பாப்பாத்தியம்மாள் கட்டிய வேதக்கோயில்

திருநெல்வேலியை அடுத்த மேலப்பாளையம் கைத்தறிக்கும் பீடித் தொழிலுக்கும் பேர்போன ஊர். முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் ஊர். அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் பாளையங்கோட்டை வந்துவிடும். தாமிரபரணியில் பிரிந்து வரும் பாளையங்கால்வாய் இரண்டு ஊர்களையும் தொட்டுக்கொண்டுதான் ஓடுகிறது.

பாளையங்கோட்டையில் பழைய வேதக்கோயில் ஒன்று இருக்கிறது. இரு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கும் கோயில். 1785-ல் கட்டி முடிக்கப்பட்டது. திருநெல்வேலிச் சீமையின் புராட்டஸ்டண்டு கோயில்களில் மிகப் பழையது இதுதான். "கிளாரிந்தா கோயில்" என்பது ஏட்டில் உள்ள பெயர். ஆனால், ஊர் ஜனங்கள் வைத்த பெயர் வேறு.

"பாப்பாத்தியம்மாள் கோயில்!"

இதென்ன வேடிக்கை? வேதக்கோயிலுக்குப் பாப்பாத்தியம்மாள் பெயரா? யார் அந்த அம்மாள்? அவர் எப்படி வேதக்கோயில் கட்டினார்?

அது ஒரு பெண், "நான் யார்?" என்று தேடிக் கண்டுபிடித்த கதை.

தஞ்சாவூர்ப் பெண்

அந்தக் காலத்தில் தஞ்சாவூரை மராட்டிய ராஜாக்கள் ஆண்டு வந்தார்கள். அங்கே இருந்த மராட்டியப் பிராமணக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர் இந்தப் பெண். பெற்றோர் வைத்த பெயர் கோகிலா என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

இளம் வயதிலேயே கணவர் இறந்து போனார்.

இன்று கணவரை இழந்த பெண் படிக்கிறாள், வேலைக்குப் போகிறாள், மறுமணமும் செய்து கொள்கிறாள். அன்று அப்படி அல்ல. மேல்ஜாதி வீடுகளில் விதவை என்றால் தலையை மழித்துவிடுவார்கள். நல்ல காரியங்களில் அவள் எதிரே வரக் கூடாது. மூலையில் கிடக்க வேண்டியதுதான். சில இடங்களில், இறந்த கணவனோடு அவளையும் சிதையில் ஏற்றி எரித்தார்கள். அதற்கு உடன்கட்டை ஏறுதல் என்று பெயர். பெண்டிங் பிரபு அந்தப் பழக்கத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது 1829-ல்தான். நம் கதையில் வரும் பெண் அதற்கு அரை நூற்றாண்டு முந்தியவர்.

இவரையும் சிதையில் ஏற்ற முயன்றார்கள் என்றும், லிட்டில்டன் என்ற வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரி பாய்ந்து வந்து காப்பாற்றினார் என்றும் கர்ணபரம்பரைக் கதை ஒன்று உண்டு. பெருங்குளத்துக்காரரான அ. மாதவையா 1915-ல் "கிளாரிந்தா" என்று ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். அதற்குப் பிறகு அந்தக் கதை இன்னும் பரவியது.

கதை எப்படி இருந்தாலும் ஒன்று நிச்சயம். அந்த இளம் விதவை லிட்டில்டனின் ஆதரவில் வாழ்ந்தார். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. லிட்டில்டன் அவருக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். கிறிஸ்து மார்க்கத்தைப் பற்றியும் சொல்லிக்கொடுத்தார்.

இப்போது அவர் நிலையை எண்ணிப் பாருங்கள். பிறந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது. ஜாதியில் இடம் இல்லை. வெள்ளைக்காரர்கள் மத்தியிலும் மனைவி என்ற மரியாதை இல்லை. ஒரு பக்கத்தார் அவரை விதவை என்றார்கள். இன்னொரு பக்கத்தார் துரையோடு வாழ்பவள் என்றார்கள்.

"ஞானஸ்நானம் தர முடியாது!"

அந்தக் காலத்தில் தஞ்சாவூரில் புகழ்பெற்ற பாதிரியார் ஒருவர் இருந்தார். அவர் பெயர் சுவார்ட்ஸ். ஜெர்மனி தேசத்தவர். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். 1798-ல் தஞ்சாவூரில் இறக்கும் வரை தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. தமிழும் மராட்டியும் பேசுவார். பிற்காலத்தில் தஞ்சையை ஆண்ட சரபோஜி மன்னர் சிறுவனாக இருந்தபோது அவருக்குப் பாதுகாவலராக இருந்தவரும் இவரே.

அந்தப் பெண் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் கேட்டார்.

பாதிரியார் மறுத்துவிட்டார்!

"கல்யாணம் ஆகாமல் ஒருவரோடு வாழ்ந்து வரும் வரையில் ஞானஸ்நானம் தர முடியாது" என்பது அவர் முடிவு. திருச்சபையின் ஒழுங்கு அப்படி.

ஏற்கெனவே ஒரு மதம் கதவைச் சாத்திவிட்டது. இப்போது தேடிப்போன மதமும் கதவைச் சாத்திவிட்டது. இன்னொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? "இந்தச் சாமியும் வேண்டாம், அந்தச் சாமியும் வேண்டாம்" என்று வெறுத்துப் போயிருப்பார். அவர் அப்படிச் செய்யவில்லை. காத்திருந்தார்.

லிட்டில்டன் பாளையங்கோட்டைக்கு வந்தார். அப்போது பாளையங்கோட்டை நிஜமாகவே கோட்டையாக இருந்தது. உள்ளே வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கியிருந்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைப் பிற்பாடு சிறை வைத்ததும், 1801-ல் அவர் தப்பி ஓடியதும் இந்தக் கோட்டையிலிருந்துதான்.

லிட்டில்டனோடு அந்தப் பெண்ணும் பாளையங்கோட்டைக்கு வந்தார். சில காலத்தில் லிட்டில்டன் இறந்து போனார்.

மீண்டும் தனிமை. வந்த ஊரோ புதிது. பேசுகிற ஜனங்களோ தெரியாதவர்கள்.

1778

1778-ல் சுவார்ட்ஸ் பாதிரியார் பாளையங்கோட்டைக்கு வந்தார். அந்த அம்மாள் மறுபடியும் அவர் முன்னே போய் நின்றார். மறுபடியும் அதே வேண்டுகோள்!

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். "வெள்ளைக்காரனின் தயவுக்காகத்தான் மதம் மாறுகிறாள்" என்று முன்பு யாராவது சொல்லியிருக்கலாம். இப்போது அப்படிச் சொல்ல முடியுமா? துரை போய்விட்டார். இனி யாரைத் திருப்திப்படுத்த வேண்டும்? ஞானஸ்நானம் பெறாமலே பேசாமல் காலம் தள்ளியிருக்கலாம். ஆனாலும் கேட்டார். துரை உயிரோடு இருந்தபோது கேட்டதையே, அவர் போன பின்பும் கேட்டார்.

இந்த முறை பாதிரியார் மறுக்கவில்லை. ஞானஸ்நானம் கொடுத்தார். கிளாரிந்தா என்று புதுப்பெயர் கிடைத்தது.

ஞானஸ்நானத்தில் ஏன் புதுப்பெயர் வைக்கிறார்கள்? கிறிஸ்தவ வேதத்தில் இதற்கு உதாரணங்கள் உண்டு. ஆபிராம் என்பவர் ஆபிரகாம் ஆனார். மீன் பிடித்துக்கொண்டிருந்த சீமோனுக்குப் பேதுரு என்று இயேசுவே பெயர் வைத்தார். "இன்றிலிருந்து நீ புது மனிதன். ஊர் உன்னை என்ன சொல்லி அழைத்தாலும், கடவுள் உன்னைப் பிள்ளை என்று அழைக்கிறார்" என்பதுதான் அதன் கருத்து.

விதவை என்று ஒதுக்கப்பட்டவருக்கு இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்! பாலைவனத்தில் நடந்தவருக்குப் பானை நிறையத் தண்ணீர் கிடைத்தது போல இருந்திருக்கும்.

முதல் பெயர் ஒரு பெண்ணின் பெயர்

திருநெல்வேலிக் கடற்கரையில் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் பழைய காலந்தொட்டே இருந்தார்கள். புனித சவேரியார் 1542-ல் அந்தக் கரையில் முத்துக்குளிக்கும் மக்களிடையே வந்து வேலை செய்தார். ஆனால், உள்நாட்டில் புராட்டஸ்டண்டு சபை என்று ஒன்று உருவானது கிளாரிந்தா அம்மாள் காலத்தில்தான்.

1780-ல் பாளையங்கோட்டைச் சபையாரின் ஜாப்தா ஒன்று எழுதப்பட்டது. மொத்தம் 40 பேர். முதல் பெயர் கிளாரிந்தா!

ஊராருக்கு முன்னே வரவே கூடாது என்று சாஸ்திரம் பேசிய காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு விதவையின் பெயர் ஒரு சபையின் முதல் வரியில் ஏறியது.

அந்த 40 பேரும் ஒரே ஜாதி அல்ல. பல ஜாதிக்காரர்கள். அவர்கள் ஒரே கூரையின் கீழ் கூடினார்கள். இதனால் ஜாதி ஒழிந்து போயிற்று என்று நினைத்துவிடக் கூடாது. பிற்காலத்தில் திருநெல்வேலித் திருச்சபைக்கு உள்ளேயே ஜாதிச் சச்சரவுகள் பல வந்தன. பெயரை மாற்றுவது எளிது. பழக்கத்தை மாற்றுவது கடினம். என்றாலும், ஒரு தொடக்கம் வேண்டும் அல்லவா? அந்தத் தொடக்கம் பாளையங்கோட்டையில் ஏற்பட்டது.

கிணறும் கோயிலும்

கிளாரிந்தா அம்மாளிடம் கொஞ்சம் சொத்து இருந்தது. அதை அவர் என்ன செய்தார்? நகையாகப் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியில் பூட்டி வைக்கவும் இல்லை.

பாளையங்கோட்டை வெயில் எப்படிப்பட்டது என்று அந்தப் பக்கத்தாரைக் கேட்டால் சொல்வார்கள். ஜனங்கள் தண்ணீர் எடுக்க ஒரு கிணறு வெட்டிக்கொடுத்தார். அந்தக் கிணற்றுக்கு "பாப்பாத்தியம்மாள் கிணறு" என்றே பெயர் வந்தது.

பிறகு கோயில் கட்டத் தொடங்கினார். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கோயில். கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்கள் சிலரும் உதவி செய்தார்கள். 1785-ல் சுவார்ட்ஸ் பாதிரியாரே மறுபடியும் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். முன்பு "முடியாது" என்று சொன்ன அதே பாதிரியார், அதே பெண் கட்டிய கோயிலைத் திறந்து வைத்தார்!

கோயில் இருந்தால் போதுமா? சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா? சத்தியநாதன் என்ற தமிழர் உபதேசியாராக வந்தார். அவர் 1790-ல் குருப்பட்டம் பெற்றார். அதன் பிறகு சுற்று வட்டாரக் கிராமங்களில் சபை வளர்ந்தது. சாத்தான்குளத்துப் பக்கம் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் 1799-ல் உண்டாயிற்று. 1820-ல் ரேனியஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் பாளையங்கோட்டைக்கு வந்து பள்ளிக்கூடங்கள் பலவற்றை ஏற்படுத்தினார். பெண்களுக்குப் பள்ளிக்கூடம், ஆசிரியர்களுக்குப் பள்ளிக்கூடம், கண் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம், காது கேளாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் என்று காலப்போக்கில் ஊர் பெருகியது. "தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு" என்று பாளையங்கோட்டைக்குப் பெயர் வந்தது.

இத்தனைக்கும் முன்னே நின்றது அந்த 40 பேர் சபை. அதிலும் முதலாவதாக நின்றவர் ஒரு விதவை.

ஊர் விட்டுக்கொடுக்காத பெயர்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். பாதிரியார் வைத்த பெயர் கிளாரிந்தா. ஆனால், ஜனங்கள் ஏன் "பாப்பாத்தியம்மாள்" என்றே அழைத்தார்கள்?

வேதத்தில் சேர்ந்துவிட்டாலும் பிறப்பு மாறாது என்ற எண்ணம் அதில் இருந்திருக்கலாம். அந்த நாளில் ஜாதிப் பெயரைச் சொல்லி அழைப்பதுதான் வழக்கம். ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். "துரையோடு வாழ்ந்தவள்" என்ற பேச்சு காற்றோடு போய்விட்டது. "விதவை" என்ற சொல்லும் நிற்கவில்லை. பெயரோடு "அம்மாள்" என்ற மரியாதை ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கொடுத்தவரை ஊர் இளப்பமாகப் பேசாது.

புதுப்பெயர் அவருக்குத் தைரியம் கொடுத்தது. அந்தத் தைரியத்தில் அவர் செய்த காரியம், பழைய பெயருக்கும் கௌரவம் தேடித் தந்தது.

கிருஷ்ணன் பெயரைத் தாங்கிய கிறிஸ்தவர்

கிளாரிந்தா அம்மாள் ஞானஸ்நானம் பெற்றுச் சரியாக 80 ஆண்டுகள் கழித்து, இதே திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த இன்னொருவர் அதே வழியில் போனார். அவர் ஆண், தமிழ் வித்துவான். பெயர் கிருஷ்ணபிள்ளை.

கிருஷ்ணபிள்ளை 1827-ல் கரையிருப்பு என்ற ஊரில் பிறந்தார். வைணவ வேளாளக் குடும்பம். வீட்டிலே கம்பராமாயணம் படிப்பார்கள். சிறுவன் காதில் கம்பன் பாட்டு விழுந்துகொண்டே இருந்தது. வளர்ந்ததும் தமிழிலக்கணம் இலக்கியம் எல்லாம் கற்றுத் தேர்ந்தார்.

1853-ல் சாயர்புரத்திலிருந்த கிறிஸ்தவப் பள்ளிக்குத் தமிழாசிரியர் தேவைப்பட்டது. கால்டுவெல் ஐயர் கிருஷ்ணபிள்ளையைத் தேர்ந்தெடுத்தார். திராவிட மொழிகளை ஒப்பிட்டு இலக்கணம் எழுதிப் புகழ் பெற்ற அதே கால்டுவெல்தான். நெற்றியில் நாமம் போடும் குலத்தில் பிறந்தவர், வேதக்காரப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போனார்.

அவருடைய தம்பி முத்தையா பிள்ளை முதலில் கிறிஸ்தவர் ஆனார். அண்ணனுக்கு அது பெரிய இடி. பிறகு அண்ணனும் கிறிஸ்தவ நூல்களைப் படித்தார், யோசித்தார், பல நாள் மனத்துக்குள் போராடினார்.

அந்த நாளில் வேதத்தில் சேருவது லேசான காரியம் அல்ல. உறவு போகும். பந்தியில் இடம் போகும். பெற்ற தாய் கண்ணீர் விடுவாள். எல்லாம் தெரிந்தும், 1858-ல் சென்னை மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது அவருக்கு வைத்த பெயர் ஹென்றி ஆல்பிரட்.

ஆனால், தமிழ்நாட்டில் யாராவது அவரை ஹென்றி என்று அழைக்கிறார்களா? இல்லை! எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை என்றுதான் அழைக்கிறார்கள். புதுப்பெயர் இரண்டு எழுத்தாகச் சுருங்கி முன்னே நின்றது. பெற்றோர் வைத்த கிருஷ்ணன் பெயர் அப்படியே தங்கிவிட்டது. அவரும் அதைத் தூக்கி எறியவில்லை.

அவர் தமிழையும் தூக்கி எறியவில்லை. இங்கிலாந்தில் ஜான் பன்யன் என்பவர் எழுதிய மோட்சப் பிரயாணக் கதை ஒன்று உண்டு. 1678-ல் அச்சான புத்தகம். முதுகிலே பாவ மூட்டையைச் சுமந்துகொண்டு ஒரு மனிதன் மோட்ச நகரத்தைத் தேடிப் போகிறான். வழியிலே சேறு, சிங்கம், சிறைச்சாலை என்று எத்தனையோ இடையூறுகள். கடைசியில் போய்ச் சேருகிறான். இதுதான் கதை.

இந்தக் கதையைக் கிருஷ்ணபிள்ளை தமிழில் காவியமாகப் பாடினார். பாளையங்கோட்டையிலிருந்து வந்த "நற்போதகம்" பத்திரிகையில் அது தொடர்ந்து வெளியாயிற்று. 1894-ல் "இரட்சணிய யாத்திரிகம்" என்ற பெயரில் புத்தகமாக வந்தது. 3,000-க்கும் மேற்பட்ட பாட்டுகள்! நாட்டு வளம், நகர வளம் எல்லாம் கம்பன் பாணி. நடுநடுவே இறைவனைத் துதிக்கும் இசைப் பாட்டுகள். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? தேவாரம்!

"கிறிஸ்தவக் கம்பர்" என்று தமிழுலகம் அவரைப் பாராட்டியது. கம்பராமாயணம் படித்த வீட்டில் வளராவிட்டால் அந்தக் காவியம் பிறந்திருக்காது. கிறிஸ்தவராகாவிட்டாலும் பிறந்திருக்காது. கிருஷ்ணபிள்ளை 1900-ல் காலமானார்.

தண்ணீர் ஒன்று, துறை பல

இப்படி ஒரு மார்க்கம் தமிழுக்குள் வந்து தமிழாகவே ஆகிவிடுவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. நபிகள் நாயகத்தின் வரலாற்றை 5,000-க்கும் மேற்பட்ட பாட்டுகளில் "சீறாப்புராணம்" என்று பாடிய உமறுப் புலவர் எட்டயபுரத்தோடு தொடர்புடையவர். மேலப்பாளையத்துத் தறிக்காரரும் தமிழர்தான். பாளையங்கோட்டை வேதக்காரரும் தமிழர்தான். நெல்லையப்பரைக் கும்பிடுகிறவரும் தமிழர்தான். தாமிரபரணி ஒன்று, இறங்கும் படித்துறைகள் பல.

"நான் யார்?" என்ற கேள்வி எல்லாருக்கும் ஒரு நாள் வரும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வரும். பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் வரும். ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைப்பவருக்கு அந்நிய மண்ணில் வரும். பெரும்பாலும் மற்றவர்களே நமக்காகப் பதில் சொல்லிவிடுகிறார்கள். "நீ இன்ன ஜாதி, இன்ன வீடு, இவ்வளவுதான் நீ" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள்.

கிளாரிந்தா அம்மாளும் கிருஷ்ணபிள்ளையும் அந்த முத்திரையோடு நின்றுவிடவில்லை. கடவுளுக்கு முன்னால் தாம் யார் என்று தேடினார்கள். கிறிஸ்து மார்க்கத்தில் அவர்களுக்கு விடை கிடைத்தது. விடை கிடைத்ததும் பழையதை எல்லாம் வெறுத்துத் தள்ளவில்லை. தம்மிடம் இருந்ததை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒருவரிடம் சொத்து இருந்தது. அது கிணறும் கோயிலும் ஆயிற்று. இன்னொருவரிடம் தமிழ் இருந்தது. அது காவியம் ஆயிற்று.

அம்மாள் கட்டிய கோயில் இன்றும் பாளையங்கோட்டையில் நிற்கிறது. ஆட்சிகள் மாறின. கோட்டையின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. பட்டாளம் போன இடம் தெரியவில்லை. மூலையில் இருக்க வேண்டியவள் என்று ஒதுக்கப்பட்ட பெண்ணின் பெயரை மட்டும் ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.